கொடைக்கானலுக்குப் போனோம், அதற்கென்ன?

போன மாதம் நாங்கள் ஏழு பேர் கொடைக்கானல் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தோம். வேறு காரணம் எதுவும் இல்லை. கூட்டம் இல்லை, உண்மை அறியும் குழு இல்லை, யாரிடமும் மனு கொடுக்கவில்லை. சும்மா போனோம். ஏரியில் படகு ஏறினோம், வேகவைத்த சோளக்கருது தின்றோம், படகில் உட்கார்ந்தபடி ஒரு படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினோம். வினை அந்தப் படத்தில்தான் ஆரம்பித்தது.

முதல் அடி நம் ஆட்களிடமிருந்தே வந்தது. "சமுதாயம் பத்தி எரியுது, தோழர்களுக்கு ஏரிக்காத்து கேக்குதா?" என்று கேட்டவர் இயக்கத்தில் முப்பது ஆண்டு இருப்பவர். எங்களுக்கு அண்ணன் முறை. வழக்கு, சிறை எல்லாம் பார்த்தவர். அவர் மேல் இருக்கும் மரியாதை இந்தக் கேள்வியால் குறைந்துவிடவில்லை, ஆனால் கேள்வியை விழுங்கிக்கொள்ளவும் முடியவில்லை. இரண்டாவது செய்தி எங்களோடு கல்லூரியில் படித்த ஒரு நண்பரிடமிருந்து. ஆதிக்கச் சாதிக்காரர், நல்லவர். அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். "பரவாயில்லையே, நீங்களும் டூரெல்லாம் போக ஆரம்பிச்சிட்டீங்க!" என்று கைதட்டும் பொம்மை நாலைந்து சேர்த்து அனுப்பியிருந்தார்.

இரண்டுக்கும் ஒரே பதிலாக எழுதுகிறோம். அண்ணன் கோபத்தோடு சொன்னதும் நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னதும் முடிவில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன. ஏரிக்கரையில் காலாற நடப்பது உங்கள் வேலையில்லை என்கிற இடம் அது.

நண்பரின் கணக்கை முதலில் முடித்துவிடலாம். 'நீங்களும்' என்று எழுதினீர்களே, அந்த 'உம்' எதற்கு? பள்ளிக்கூடத்தில் எச்ச உம்மை என்றும் இழிவு சிறப்பும்மை என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். உங்களுடையது எந்த உம்மை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தாத்தா காலத்திலிருந்து ஆண்டுக்கொருமுறை குற்றாலம் போகிறீர்கள், ஊட்டி போகிறீர்கள். அதற்கு யாரும் 'நீங்களும்' போட்டதில்லை.

அண்ணனுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம் நீளம்.

ஓய்வு என்பதற்கு நம் தெருக்களில் என்ன பொருள் இருந்தது, அண்ணா? ஊருக்குத் திருவிழா என்றால் சேரிக்கு வேலைநாள். பறை நம்முடையது, பந்தக்கால் குழி நம்முடையது, எச்சில் இலை நம்முடையது. தேர் மட்டும் நம் தெருவுக்கு வராது. ஊரில் சாவு விழுந்தால் ஊருக்குத் துக்கம், நமக்குச் சேதி சொல்லும் வேலை, குழி வெட்டும் வேலை. பண்ணையில் படியாளாகக் கிடந்த நம் பாட்டன்களுக்கு விடுப்பு என்று ஒன்று இருந்ததாக எந்தக் கிழவியும் நமக்குச் சொன்னதில்லை. காய்ச்சலில் ஒருநாள் படுத்தால் வாசலில் பண்ணையார் அனுப்பிய ஆள் வந்து நிற்பான். அவன் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை 'சோம்பேறிப் பயலே'. அதே நேரத்தில் அந்தப் பண்ணையார் திண்ணையில் தாயம் உருட்டிக்கொண்டிருப்பார். அவர் ஓய்வாக இருக்கிறார் என்று பெயர். அவர் உடம்பு சாய்ந்தால் ஓய்வு, நம் உடம்பு சாய்ந்தால் சோம்பல். இந்தச் சாதி இலக்கணம் ஊரின் வாயில் இருந்தவரைக்கும் அதை நாம் எதிர்த்தோம். இன்று தியாகம் என்ற பெயரில் அது நம் வாய்க்கே வந்திருக்கிறது. அதுதான் எங்களுக்கு வலித்தது.

இயக்க வேலைக்கு நடுவில் சுற்றுலாவா என்று கேட்பவர்களுக்கு 1934ஆம் ஆண்டை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. வட்டமேசை மாநாடுகளும் பூனா ஒப்பந்தமும் முடிந்திருந்த நேரம். நாசிக்கில் காளாராம் கோயில் நுழைவுப் போராட்டம் நடந்த ஆண்டுகள். அந்த நேரத்தில் இயக்கத்தின் தோழர்கள் சிலர், நீங்களும் வருவதாக இருந்தால் ஒரு சுற்றுலா போகலாம் என்று பாபாசாகேபிடம் கேட்கிறார்கள். சமுதாயம் எரிகிறது, போய் வேலையைப் பாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. சரி என்றார். எல்லோராவின் குகைகளைப் பார்ப்பது என்று முடிவாகிறது. ஏறக்குறைய முப்பது பேர், பேருந்தில் கிளம்பினார்கள். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று அவர் எழுதிவைத்துப் போன சின்னப் புத்தகத்தில் இது இருக்கிறது. படித்தவர்கள் எல்லாரும் அதிலுள்ள தௌலதாபாத் குளத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். அது ஒரு சுற்றுலாவின் கதை என்பதை மறந்துவிடுகிறோம்.

அந்தக் குளத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஹைதராபாத் சமஸ்தானத்தில் தீண்டாமை கடுமையாக இருக்கும் என்று தெரிந்து, வழியில் தாங்கள் யார் என்று காட்டிக்கொள்ளாமல் போவது என்று முடிவெடுத்திருந்தார்கள். தங்கும் இடங்களில் இருந்த நம் மக்களுக்கு மட்டும் சேதி போயிருந்தது. தௌலதாபாத்தில் அவர்கள் தேநீரோடு காத்திருந்தார்கள். கோட்டையைப் பார்த்துவிட்டு வந்து குடிக்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கோட்டைக்குப் போகிறார்கள். வாசலுக்கு வெளியே நிறையத் தண்ணீரோடு ஒரு சிறிய குளம். உடம்பெல்லாம் பயணத்துப் புழுதி. சிலர் முகம் கழுவினார்கள், கால் கழுவினார்கள். அவ்வளவுதான். வெள்ளைத் தாடி வைத்த ஒரு முதியவர், குளத்தைத் தீட்டுப்படுத்திவிட்டார்கள் என்று கத்திக்கொண்டு ஓடி வருகிறார். கூட்டம் சேர்கிறது. உள்ளூர் தலித்துகளுக்கும் சேர்த்து வசவு விழுகிறது. ஒரு தீண்டத்தகாதவன் முஸ்லிமாக மாறிவிட்டு வந்தால் அப்போதும் தடுப்பீர்களா என்று அம்பேத்கர் கேட்க, அந்தக் கூட்டத்திடம் பதில் இல்லை. கடைசியில் அனுமதி கிடைக்கிறது, ஒரு நிபந்தனையோடு: கோட்டைக்குள் எங்கேயும் தண்ணீரைத் தொடக்கூடாது. கூடவே ஆயுதத்தோடு ஒரு காவலாளியும் அனுப்பப்படுகிறான், இவர்கள் தொடாமல் பார்த்துக்கொள்ள. இந்துச் சமூகத்தின் நோய் மதம் தாண்டியும் தொற்றும் என்பதற்கு இந்தச் சம்பவத்தை அவர் எடுத்துவைத்தார்.

கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்த மனிதர். இந்தியாவின் அரசியல் எதிர்காலத்தைப் பேச லண்டனுக்கு அழைக்கப்பட்டவர். விடுமுறைப் பயணத்தில் அவரோடு கூடப் போனது வழிகாட்டி இல்லை, துப்பாக்கிக்காரன். ஏழு ஆண்டுக்கு முன்னால், 1927 மார்ச் 20 அன்று, மகாடின் சவுதார் குளத்தில் கை வைத்துத் தண்ணீர் அள்ளியவரும் இதே மனிதர்தான். ஒரு குளத்தில் போராட்டமாகச் செய்ததை இன்னொரு குளத்தில் களைப்புக்காகச் செய்தார்கள். சாதிக்கு இரண்டும் ஒன்றுதான். அப்படியிருக்க, நமக்கு மட்டும் போராட்டம் வேறு, ஓய்வு வேறு என்று எப்படிப் பிரிந்து தெரிகிறது?

எங்களோடு வந்த ஏழு பேரில் ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நகராட்சியில் 31 ஆண்டு தூய்மைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு மொட்டைமாடியில் ஏறினால் பழனி மலைத்தொடர் தெரியும். கொடைக்கானல் பேருந்து கிளம்பும் நிலையத்தைப் பதினாறு ஆண்டு கூட்டியிருக்கிறார். சனிக்கிழமை காலையில் குடும்பம் குடும்பமாக வந்து பொட்டலத்தைப் பிரித்துத் தின்று, இலையை அங்கேயே போட்டுவிட்டு ஏறிப் போவார்கள். பேருந்து நகர்ந்த பிறகு அந்த இடத்தை அக்கா கூட்டுவார். அந்தப் பேருந்தில் அவர் ஒருமுறையும் ஏறியதில்லை. ஏறக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. "தோணவே இல்லப்பா," என்றார். எங்களுக்கு இதைக் கேட்டு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தடுத்தால் போராடலாம். தோன்றவிடாமலே செய்துவைத்திருப்பதை எந்த மனுவில் எழுதுவது?

இன்னொன்றும் இருக்கிறது. மற்றவர்களுக்கு லீவு விட்டால் 'ஊருக்குப் போகிறேன்' என்பார்கள். ஊர் என்றால் அவர்களுக்குத் தோப்பு, கிணறு, பாட்டி வீட்டு ஊஞ்சல். நமக்கு ஊர் என்றால் வேறு. ஊரில் எல்லோருக்கும் நம்மைத் தெரியும். டீக்கடைக்காரருக்குத் தெரியும், நம் அப்பாவை அவன் இவன் என்று கூப்பிடும் பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் தெரியும். அதனால் நமக்கு விடுமுறை என்பது வேலையிலிருந்து விடுதலை மட்டுமல்ல, தெரிந்திருப்பதிலிருந்து விடுதலை. யாருக்கும் நம்மைத் தெரியாத ஓர் ஊரில், மழைக்கோட்டும் தொப்பியுமாக எல்லோரும் ஒன்றுபோல இருக்கும் குளிரில், இரண்டு நாள் வெறும் மனிதராக நடந்துவிட்டு வருவது. மலைவாசஸ்தலங்களை நம் பிள்ளைகள் இவ்வளவு விரும்புவதற்குப் பனிமூட்டம் மட்டும் காரணமில்லை.

அந்த வெறும் மனிதராக இருக்கும் சலுகைகூட எளிதில் கிடைத்துவிடவில்லை. கிளம்புவதற்கு முன் தங்குவதற்கு ஒரு ஹோம்ஸ்டே பேசினோம். பெயரெல்லாம் வேண்டாம். வாடகை பேசி முன்பணம் அனுப்பியாயிற்று. உரிமையாளர் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர் சார் என்றார், சொன்னோம். "அட, நமக்கும் அங்க சொந்தக்காரங்க இருக்காங்க. நீங்க எந்தப் பக்கம்?" என்றார். தெருவைச் சொன்னோம். "மேலத் தெருவுக்குப் பக்கமா?" "இல்லைங்க, கிழக்கால." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஒரு நிமிசம் சார், ரிஜிஸ்டர் பாத்துட்டுச் சொல்றேன்." பத்து நிமிடத்தில் குறுஞ்செய்தி வந்தது. அந்தத் தேதிகளில் அவர்கள் வீட்டு விசேஷமாம், அறை இல்லையாம். முன்பணத்தை நாணயமாகத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து வேறு சாதியைச் சேர்ந்த தோழர் ஒருவரை அதே தேதிகளுக்குக் கேட்கச் சொன்னோம். அறை இருந்தது. விசேஷம் ரத்தாகிவிட்டது போலிருக்கிறது.

பரோடாவில் அரசுப் பணிக்குப் போன இளைஞர் அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்காமல், பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் போட்டுத் தங்கினார். பதினோராவது நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றியது. இப்போது தடி தேவைப்படுவதில்லை, ரிஜிஸ்டர் பார்த்தால் போதும். அரசியல் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு கடைகள், உணவகங்கள், விடுதிகள், கேளிக்கை இடங்கள் என்று வரிசையாகச் சொல்கிறது. கிணறு, குளம், படித்துறை, சாலை என்றும் சொல்கிறது. விடுதியையும் குளத்தையும் ஒரே பிரிவில் வைத்தவர்களுக்கு ஏரிக்கரை ஊர் எப்படிப்பட்டதென்று தெரிந்திருந்தது. விடுதியில் இடம் மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அந்தப் பத்து நிமிடத்தை எப்படி நிரூபிப்பது என்பதுதான் கேள்வி. அதற்குப் பிறகு வருகிறோம்.

கடைசியில் ஏரிக்குச் சற்று மேலே ஒரு சாதாரண லாட்ஜில் தங்கினோம். அங்கே ஆதார் அட்டையை வாங்கி நகலெடுத்தார்கள், வேறெதுவும் கேட்கவில்லை. வெந்நீர் காலையில் ஒரு வாளிதான். நிம்மதியாக இருந்தோம்.

அந்த ஊரே ஓய்வுக்காக உண்டாக்கப்பட்டது. பளியரும் புலையரும் அந்த மலையில் அதற்கு வெகுகாலம் முன்பே வாழ்ந்தார்கள், அது வேறு. கீழே மதுரைச் சமவெளியில் காய்ச்சலுக்குக் குழந்தைகளைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் 1845இல் மேலே ஏறிவந்து பங்களா கட்டினார்கள். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச், 1863இல் ஓடைகளை மறித்து ஏரியை உண்டாக்கினார். கடவுள் வேலை பார்க்க வந்தவர்களுக்கும் ஓய்வு தேவைப்பட்டது. அதை யாரும் துரோகம் என்று சொல்லவில்லை. உயிர் பிழைக்க அவசியம் என்றுதான் சொன்னார்கள். சரிதான். ஆனால் அவர்கள் மேலே வந்தது எப்படி? மலைச்சாலை போடப்பட்டது இருபதாம் நூற்றாண்டில்தான். அதுவரை பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஏறிய பாதையின் பெயரே கூலி காட். வெள்ளைக்கார அம்மாவும் குழந்தையும் டோலியில் உட்கார்ந்திருக்க, அதைத் தோளில் சுமந்து ஏறினவர்களின் பெயரால் வந்த பெயர். கலெக்டரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. கரையில் மண் சுமந்தவரின் பெயரும் டோலி தூக்கியவரின் பெயரும் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்கள் எல்லோரும் நம் ஆட்கள் என்று ஆதாரமில்லாமல் எழுத மாட்டோம். ஆனால் இந்த நாட்டில் மண்சட்டி எந்தத் தலைகளுக்குப் போகும் என்பது யாருக்கும் தெரியாததல்ல.

நல்ல காற்று வாங்கத்தான் எல்லோரும் அங்கே போகிறார்கள். அந்த ஊரில்தான் இந்துஸ்தான் லீவரின் வெப்பமானி ஆலை ஓடியது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்தது வெளியே வந்து, 2001இல் ஆலை மூடப்பட்டது. காற்று வாங்க வந்தவர்கள் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். உள்ளே நின்று பாதரச ஆவியை வாங்கிய தொழிலாளர்கள் 591 பேருக்கு ஒப்பந்தம் என்று ஒன்று ஏற்பட்டது 2016இல். பதினைந்து ஆண்டு. ஒரே மலைதான், ஆனால் யார் எதைச் சுவாசிப்பது என்பதில் அங்கேயும் இரண்டு கணக்கு.

முதல் நாள் இரவு அக்கா தூங்கவில்லை. நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டார். பழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் உடம்பு நாலு மணிக்கு எழுந்துவிடுகிறதாம். சரி, ஏரியைச் சுற்றி நடக்கலாம் என்று எங்களில் இரண்டு பேர் அவரோடு கிளம்பினோம். ஏரியைச் சுற்றும் சாலை ஐந்து கிலோமீட்டர். பனி தரையோடு தவழ்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் தெரியவில்லை. நாங்கள் பார்த்த முதல் கொடைக்கானல் காட்சி, தலையில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு விளக்குமாறோடு குனிந்திருந்த நாலு பெண்கள்.

அன்று ஞாயிறு. சனிக்கிழமைக் கூட்டம் தின்று போட்ட சோளக்கருது, பேப்பர் கப், குழந்தைகளுக்குக் கட்டிக் கழற்றிய டயப்பர், குதிரைச் சாணம், பாட்டில். காலை ஆறரைக்கு நடைப்பயிற்சிக்காரர்கள் வருவதற்குள் கரை 'இயற்கையாக' இருக்க வேண்டும். அக்கா நேராக அவர்களிடம் போனார். அறிமுகம் எதுவும் தேவைப்படவில்லை, ஒருத்தியின் விளக்குமாற்றை வாங்கிப் பார்த்து, "என்ன இது, இவ்வளவு கட்டையா கட்டிக் குடுத்திருக்கானுங்க, இடுப்பு என்னாத்துக்காகும்?" என்றார். அவ்வளவுதான், நாலு பேரும் சூழ்ந்துகொண்டார்கள்.

ஒப்பந்தக்காரரிடம் வேலை. எத்தனை ஆண்டாக என்றால் ஒருத்தி ஒன்பது என்றாள், இன்னொருத்தி விரலை விட்டு எண்ணினாள். லீவு உண்டா என்று அக்கா கேட்டதற்கு ஒரு பெண் சிரித்துவிட்டாள். "வராத அன்னைக்கு லீவுதான், சம்பளமும் லீவுதான்." சனி ஞாயிறு? "அன்னைக்குத்தான்கா ஆள் பூரா வரணும்." மே மாதம் கோடை விழா வந்தால் உடம்பு சரியில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. கையுறை வந்ததாம், இரண்டு மாதத்தில் கிழிந்ததாம். படகில் போயிருக்கிறீர்களா என்று கேட்டோம். கேட்டிருக்கக் கூடாது. ஒருத்தி தண்ணீர்ப் பக்கம் பார்த்துவிட்டு, "படகுத்துறையைக் கழுவப் போயிருக்கோம்," என்றாள்.

ஊருக்குத் திருவிழா, சேரிக்கு வேலைநாள் என்று மேலே எழுதியதைத் திருப்பி எழுத வேண்டிய தேவையில்லாமல் கண் முன்னால் நின்றது. வாரக்கடைசி என்ற ஒன்று நகரத்து மனிதனுக்கு ஓய்வாக வரும்போது, அதே வாரக்கடைசி இந்தப் பெண்களின் முதுகில் இரட்டை வேலையாக வந்து இறங்குகிறது. நகரத்தை விட்டுத் தப்பித்து இயற்கையின் மடியில் ஓய்வெடுங்கள் என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்த மடியைக் கூட்டித் துடைப்பவர் எங்கே தப்பித்துப் போவது? நாங்களும் அந்தச் சோளக்கருதைத் தின்றவர்கள்தான் என்பதையும் சொல்லிவிடுகிறோம். தொட்டியில்தான் போட்டோம். ஆனால் தொட்டியை யார் தூக்குகிறார்கள்?

கண்ணுக்குத் தெரிவது கரை. தெரியாதது விடுதிகளின் பின்பக்கம். நூற்றுக்கணக்கான அறைகளின் கழிவு பள்ளத்தில் எங்கோ ஒரு தொட்டிக்குள்தான் இறங்குகிறது. அந்தத் தொட்டியைத் திறக்க யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பது நாட்டுக்கே தெரிந்த சங்கதி. மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 1993க்குப் பிறகு இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் தரச் சொல்லி 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறுகிறது. சாவு நின்றபாடில்லை. ஓய்வெடுக்கப் போகும் நண்பர்கள், அறை வாடகை கேட்கும்போது வெந்நீர் உண்டா, வைஃபை உண்டா என்று கேட்கிறீர்கள். உங்கள் கழிவுத்தொட்டியை இயந்திரம் வைத்துத்தான் எடுக்கிறீர்களா என்று ஒரே ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். எங்கள் லாட்ஜ்காரரிடம் நாங்கள் கேட்டோம். அவர் எங்களை விநோதமாகப் பார்த்தார். ஆனால் பதில் சொன்னார், லாரிக்காரரின் ரசீதையும் எடுத்துக் காட்டினார். கேட்டால் நடக்கும்.

மலையின் சுமையைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஒருநாளைக்கு இத்தனை வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. கொடைக்கானலுக்கு வாரநாட்களில் 4,000, வாரக்கடைசியில் 6,000. மலை தாங்காது என்பதால் எண்ணினார்கள், நல்லது. ஆறாயிரம் வண்டி வரும் நாளில் கூட்டுவதற்கு எத்தனை பேர், அவர்களுக்கு அடுத்த நாள் ஓய்வு உண்டா என்று யாராவது எண்ணினார்களா? மலைக்குத் தாங்கும் சக்தி உண்டு என்று ஒத்துக்கொள்கிறவர்கள் மனித முதுகுக்கும் அது உண்டு என்று ஒத்துக்கொள்ள ஏன் தயங்குகிறார்கள்?

இதை எழுதும்போது வாகன ஓட்டுநர்களும் நினைவுக்கு வருகிறார்கள். முதலாளி குடும்பம் அறையில் தூங்க, ஓட்டுநர் காருக்குள் சீட்டைச் சாய்த்துக்கொண்டு குளிரில் கிடப்பார். விடுதிகள் ஓட்டுநர்களுக்குப் படுக்கை வசதி செய்துதர வேண்டும் என்று 2023இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தியது. அன்று விடியற்காலை ஏரிச் சாலையில் நிறுத்தியிருந்த வண்டிகளில் கண்ணாடி ஆவி படிந்திருந்தவற்றை எண்ணிக்கொண்டே நடந்தோம். பதினொன்று வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டோம்.

அண்ணா, இப்போது சொல்லுங்கள். ஓய்வு என்பது போராட்டத்தைக் கைவிட்டுப் போகும் இடமா, போராட வேண்டிய பொருளா? 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தபோது பாபாசாகேப் செய்த வேலைகளைப் பாருங்கள். தொழிற்சாலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை என்ற சட்டத் திருத்தம் 1945இல் வந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு 1946இல் வந்தது. காந்தியத்தை மறுத்து எழுதியபோது அவர் இயந்திரத்தை ஆதரித்ததற்குச் சொன்ன காரணமே இதுதான்: இயந்திரம் மனிதனுக்கு ஓய்வைத் தரும், ஓய்வில்லாமல் பண்பாட்டு வாழ்க்கை இல்லை, ஓய்வில்லாத மனிதன் மாட்டைப்போல உழைத்துச் சாவான். எளிமை, கைராட்டை, உடலுழைப்பு என்று போற்றிய பேச்சுக்கெல்லாம் அடியில் யார் உடல் உழைக்கிறது என்பதை அவர் பார்த்தார். அரசியல் சட்டத்தின் 43ஆம் பிரிவில் தொழிலாளர்களுக்கு வாழ்வூதியத்தோடு கூடவே ஓய்வை முழுமையாக அனுபவிக்கும் நிலைமையை உண்டாக்க அரசு முயல வேண்டும் என்று இருக்கிறது. ஓய்வு என்ற சொல் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. நாம்தான் அதைப் படிக்காமல் விட்டிருக்கிறோம். இடஒதுக்கீட்டுப் பிரிவுகள் நமக்கு மனப்பாடம், வன்கொடுமைச் சட்டம் மனப்பாடம். 43ஐ எந்த ஆர்ப்பாட்டத்தில் முழங்கியிருக்கிறோம்?

அதனால் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்கான கோரிக்கைகளில் பணி நிரந்தரம், சட்டப்படியான ஊதியம் என்பவற்றோடு சம்பளத்துடன் வார விடுமுறை, ஆண்டு விடுப்பு, சுற்றுலா ஊர்களில் வாரக்கடைசி வேலைக்கு ஈடாக வாரநாளில் கட்டாய ஓய்வு என்பதை முதல் வரியில் எழுதப்போகிறோம். கடைசி வரியில் 'இதர சலுகைகள்' என்று எழுதி முடிக்கும் வழக்கத்தை இனியாவது விட வேண்டும். இது சலுகை இல்லை. அந்த ஏரிக்கரைப் பெண்களிடம் தொலைபேசி எண் வாங்கி வந்திருக்கிறோம். மதுரையிலுள்ள தோழர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணனும் அந்தப் பக்கம் போகும்போது எங்களோடு ஒருநாள் வரட்டும். குளிருக்கு அவரிடம் ஸ்வெட்டர் இருக்கிறதா என்று தெரியவில்லை.

கிளம்புவதற்கு முன் அக்கா படகில் ஏறிய கதையையும் சொல்ல வேண்டும், அந்தப் படத்துக்குத்தானே இவ்வளவும். முதலில் மாட்டேன் என்றார், தண்ணீர் பயம். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். ஏரியின் நடுவே போனதும் ஓரத்தில் குனிந்து தண்ணீரில் கை வைத்தார். மணிக்கட்டுவரை. ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தார். யாரும் கத்திக்கொண்டு ஓடி வரவில்லை. "சில்லுன்னு இருக்கு," என்றார். துடுப்புப் போட்ட தம்பி, "கைய உள்ள எடுங்கம்மா, படகு சாயும்," என்றான். அதுதான் அவருக்குக் கிடைத்த ஒரே அதட்டல். அதில் சாதி இல்லை. அந்தத் தம்பிக்கு நன்றி.

அடுத்த பயணத்துக்கு வேன் பேசியாயிற்று. இருபத்திரண்டு பேர், பாதிக்கு மேல் அக்காவோடு வேலை பார்த்தவர்கள். தங்க இடம் கேட்டு நாலு இடங்களுக்குப் பேசினோம். மூன்றாவது இடத்தில், "உங்க ஊர்ல எந்தத் தெரு சார்?" என்றார்கள். அம்பேத்கர் நகர் என்றோம். மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. இந்த முறை அழைப்பைப் பதிவு செய்துகொண்டுதான் பேசினோம் என்பதையும் அவரிடம் சொன்னோம். அறை இருக்கிறதாம். வெந்நீர் இரண்டு வேளையும் உண்டாம்.